வேண்டாம் என்பதற்கு ஒரு சிறு கோடு

பாக்கெட்டில் வாங்கும் கறித்தூளில் சோம்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. யாரோ ஓர் அளவு முடிவுசெய்திருக்கிறார்கள், அது பெரும்பாலானவர்களின் நாக்குக்குச் சரியாகவும் இருக்கிறது. மசாலா மில்லில் அப்படியில்லை. மல்லி எத்தனை கிலோ, மிளகாய் எவ்வளவு, மஞ்சள் சேர்க்கவா, மீனுக்கா இறைச்சிக்கா என்று மில்காரர் கேட்டுக்கொண்டே போவார். நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அம்மா இதைப் பற்றி ஒரு தடவை சொன்னார்: "பாக்கெட்டு வாங்குறதுல ஒண்ணும் குத்தம் இல்ல. ஆனா வீட்ல ஒருத்தருக்குச் சோம்பு ஒத்துக்கலேன்னா மில்லுக்குத்தான் போவணும்."

நம் கணினிகளில் ஓடும் இயங்குதளங்கள் பெரும்பாலும் பாக்கெட் கறித்தூள்தான். விண்டோஸ், மேக் மட்டுமில்லை, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளும் அரைத்து, சலித்து, அடைத்துத் தருபவையே. மனிதர்கள் எழுதும் மூலநிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் செய்வது என்கிறோம். அந்த வேலையை எங்கோ ஒரு சர்வரில் முடித்துவிட்டு, முடிந்த பண்டத்தை நமக்கு அனுப்புகிறார்கள். ஜென்டூ என்கிற லினக்ஸ் மில்லைப் போன்றது. மூலநிரலை உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடும். கூடவே கேள்விகளும் வரும். உங்கள் கணினியில், உங்கள் மின்சாரத்தில், நீங்கள் சொல்லும் அளவில் அரைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் முறைக்கு யூஸ் கொடிகள் என்று பெயர். ஒரு சாதாரண உரைக் கோப்பில், வேண்டிய வசதிகளின் பெயர்களை வரிசையாக எழுத வேண்டும். வேண்டாத வசதியின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான் இலக்கணம். 'கப்ஸ்' என்று எழுதினால் அச்சிடும் வசதி. முன்னால் கோடு போட்டு எழுதினால் அந்தக் கணினியில் எந்த மென்பொருளும் அச்சிடும் வசதியைத் தூக்கிக்கொண்டு வராது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மற்ற இயங்குதளங்களில் ஒரு வசதியை அணைத்து வைத்தால் அது உள்ளே படுத்துக் கிடக்கும். இங்கே கோடு போட்டால் அந்த நிரல்வரிகள் கம்பைல் ஆவதே இல்லை. அந்த வசதிக்காக வரவேண்டிய துணைநிரல்களும் வாசலோடு நின்றுவிடும்.

இதைத் தொடங்கியவர் டேனியல் ராபின்ஸ். 1999 வாக்கில் 'ஈனாக்' என்ற பெயரில் ஒரு லினக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 'போர்ட்ஸ்' முறையைப் பார்த்து அதன் சாயலில் 'போர்ட்டேஜ்' என்ற பொதி மேலாளரை உருவாக்கினார். ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002 மார்ச் 31 அன்று வந்தது. நீருக்கடியில் மிக வேகமாக நீந்தும் பென்குயின் இனத்தின் பெயர்தான் ஜென்டூ. நமக்கு அந்தச் சொல் வேறொரு வழியிலும் பழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆங்கிலத்தில் 'ஜென்டூ' என்றால் இந்து. மதராஸ் பக்கத்தில் தெலுங்குக்காரர்களையும் தெலுங்கு மொழியையும் அப்படியே அழைத்தார்கள். தமிழை 'மலபார்' என்றார்கள். பெயர் வைப்பவன் ஒருவன், சுமப்பவன் இன்னொருவன் என்ற நிலைமைக்கு நாம் பழகியவர்கள்.

*

நான் ஜென்டூவில் கட்டிய கணினி ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறைச் சில்லு, நான்கு மையங்கள், 8 ஜிபி நினைவகம். 2013இல் சந்தைக்கு வந்த தலைமுறை அது. சூடு கடத்தும் பசையைத் துடைத்துவிட்டுச் சில்லின் முதுகைப் பார்த்தால், மாடல் எண்ணுக்குக் கீழே ஆங்கிலத்தில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். மலேசியாவில் பொருத்திச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். உலகம் முழுக்கப் போகும் சில்லுகளில் நம் ஊரின் முத்திரை இருக்கிறது. மூடியைத் திறப்பவர்கள் மட்டும் பார்க்கிறார்கள்.

அந்த முத்திரைக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை உண்டு. சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியை 1969இல் பினாங்கு இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். முதலமைச்சர் லிம் சோங் இயூ தொழிற்சாலைகளைக் கூப்பிட்டார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெலின் முதல் தொழிற்சாலை அதே வருடம் அங்கே, நெல் விளைந்த நிலத்தில் எழுந்தது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி என்று அடுத்தடுத்து வந்தார்கள். வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கம்பத்து மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த நம் பெண்கள்.

என் அம்மா அவர்களில் ஒருவர். நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1976இல், 19 வயதில், பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி ஒரே ஒரு பையோடு தீவுக்கு வந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், மேலே சொன்ன பட்டியலில் அது இல்லை. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி சில்லிலிருந்து சட்டத்துக்கு இணைப்பதுதான் அவர் வேலை. கையால் செய்யும் காலத்தில் தொடங்கினார், இயந்திரம் தானே இணைக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம்வரை, 27 வருடம் இருந்தார். இப்போது அவருக்குக் கண் அழுத்த நோய். டாக்டர் வயசு என்றார். அம்மா மைக்ராஸ்கோப் என்றார். நான் டாக்டர் சொன்னதை நம்புகிறேன், அம்மா சொன்னதை மறுப்பதில்லை.

வாசிக்காமல் அவரால் இருக்க முடியாது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது, வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி சில வாரம் இருந்தார். அதற்குப் பிறகு கண் குறுகத் தொடங்கியது. ஓரங்கள் முதலில் போயின. நடுவில் மிச்சமிருந்த பார்வைக்குள் ஒரு சமயம் மூன்று நான்கு எழுத்துகள் விழும், அதுவும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக இருந்தால். அதற்குமேல் காதுதான். எனவே எனக்குத் தேவைப்பட்டது ஒரே வேலைக்கான கணினி: தமிழைப் பெரிதாகக் காட்ட வேண்டும், தமிழை வாய்விட்டுப் படிக்க வேண்டும், நாலைந்து பொத்தானுக்குமேல் இருக்கக் கூடாது, நடுவில் எதையாவது புதுப்பிக்கச் சொல்லித் தொல்லை பண்ணக் கூடாது.

*

ஜென்டூவில் முதலில் ஒரு சுயவிவரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஏற்கெனவே சில கொடிகளை ஏற்றி வைத்திருக்கும் அடிப்படைப் பட்டியல். மில்லிலும்கூட 'வழக்கமான அளவு' என்று ஒன்று இருக்குமல்லவா, அது மாதிரி. நான் எடுத்தது மேசைக் கணினிக்கான சுயவிவரம். அதில் இருந்ததைப் படித்தேன். புளூடூத் இருந்தது. அச்சு இருந்தது. சிடி எழுதும் வசதி, டிவிடி எழுதும் வசதி இரண்டும் இருந்தன. 'அணுகல்வசதி' என்ற கொடி அதில் இல்லை. 'பேச்சு' இல்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். கொடிகளைத் தொகுப்பவர்கள் தன்னார்வலர்கள், நிறையப் பேருக்குப் பயன்படுவதைச் சேர்க்கிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்தால் எல்லாருக்கும் கனம். இருந்தாலும் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்தபோது ஒரு விஷயம் மனதில் தங்கியது. பாக்கெட்டிலும் இதே முடிவுகளை யாரோ எடுத்திருப்பார்கள், அங்கே நான் படிக்கப்போவதில்லை. இங்கே படித்தேன். டிவிடி எழுதுபவரை நினைத்த பட்டியலில் என் அம்மாவை நினைக்காத இடம் எது என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது. காட்ட முடிந்த இடத்தில் திருத்தவும் முடிந்தது.

புளூடூத்துக்குக் கோடு. அச்சுக்குக் கோடு. சிடி, டிவிடி எழுதுவதற்குக் கோடு. அணுகல்வசதி வேண்டும். ஓக்குலர் என்ற நூல் வாசிப்பானுக்கு மட்டும் தனியாக இரண்டு: மின்னூல் கோப்புகளைத் திறக்க 'இபப்', வாய்விட்டுப் படிக்க 'ஸ்பீச்'. ஒரு மென்பொருளுக்கு மட்டுமான கொடிகளைத் தனிக் கோப்பில் எழுதலாம். பொதுவாக வேண்டாம் என்று சொன்னதை ஓர் இடத்தில் மட்டும் வேண்டும் என்று சொல்லவும் அதுவே இடம். மொழிக்கு வேறொரு வரி இருக்கிறது. அங்கே தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியை எழுதினால், தமிழ் மொழிபெயர்ப்பு உள்ள பெரிய மென்பொருள்கள் அதையும் சேர்த்துக்கொண்டு வரும். எழுதாவிட்டால் வராது. ஆங்கிலம் மட்டும் யாரும் கேட்காமலேயே இருக்கும்.

பிறகு சில்லைப் பற்றிய வரி. 'மார்ச் நேட்டிவ்'. மார்ச் இங்கே மாதமில்லை, கட்டமைப்பு என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இந்த ஆணையைக் கொடுத்தால் கம்பைலர் சில்லிடமே 'நீ யார், உனக்கு என்னென்ன தெரியும்' என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி இயந்திரமொழியை எழுதும். பாக்கெட்டில் வருகிற மென்பொருள்கள் பொதுவாக 2003இல் வந்த முதல் 64 பிட் சில்லுகளிலும் ஓடும்படி அரைத்தவை. ஹாஸ்வெல்லுக்குத் தெரிந்த புதிய கட்டளைகளை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. இதனால் வேகம் எகிறும் என்று சொல்வார்கள். அன்றாட வேலையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேகத்துக்காக ஜென்டூவுக்கு வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். கொடிகளுக்காக வருகிறவர்கள் தங்குகிறார்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை ஓட்டலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வேலைக்கு 2 ஜிபி நினைவகம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது ஜென்டூ கையேடு. 8 ஜிபிக்கு நான்கு. ஃபயர்பாக்ஸ் ஒன்று மட்டும் மூன்று மணி நேரத்துக்குமேல் ஓடியது. ஜார்ஜ் டவுன் புழுக்கத்தில் கணினியின் காற்றாடி, வீட்டுக் காற்றாடியைவிடச் சத்தமாகச் சுற்றியது. திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"என்னய்யா, இன்னும் வேகலயா?" என்று கேட்டார் அம்மா.

"இன்னும் ரெண்டு விசில்மா."

"எங்க லைன்லயும் இப்படித்தான். வேலை நடக்குதுன்னு சத்தத்துலதான் தெரியும். நின்னுட்டாதான் எல்லாரும் எழுந்து ஓடுவோம்."

*

தமிழைத் திரையில் காட்டுவது சின்ன வேலையில்லை. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு கோப்பில் அது 'க', அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு எண்களாக இருக்கும். திரையிலோ ஒற்றைக் கொம்பு முன்னால் போக வேண்டும், க நடுவில், கால் பின்னால். கோப்பில் பின்னால் வருவது கண்ணுக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்கிற நிரல்களில் இன்று பரவலாகப் புழங்குவது ஹார்ஃப்பஸ். இதன் இன்றைய வடிவத்தை எழுதியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பெயர் பாரசீகச் சொற்களால் ஆனது, 'திறந்த எழுத்து' என்று பொருள். அரபி எழுத்தின் வளைவுகளோடு வளர்ந்த ஒருவரின் உழைப்பில் நம் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக் கட்டிய மென்பொருள்களில் தமிழ் எப்படிச் சிதறும் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் பதாகையிலும் கொம்பு இடம் மாறி நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஜென்டூவில் கட்டும்போது இங்கே ஒரு பிரபலமான முடிச்சு இருக்கிறது. எழுத்துருவின் வடிவத்தை வரைவது ஃப்ரீடைப் என்ற நிரல். எந்த வடிவம் எந்த இடத்தில் என்று சொல்வது ஹார்ஃப்பஸ். ஹார்ஃப்பஸ்ஸைக் கட்ட ஃப்ரீடைப் வேண்டும். ஃப்ரீடைப் எழுத்தின் கோடுகளைத் திருத்தமாக வைக்க ஹார்ஃப்பஸ்ஸின் துணையைக் கேட்கும். இரண்டு கொடிகளும் ஏறியிருந்தால் எதை முதலில் கட்டுவது? போர்ட்டேஜ் கையை விரித்துவிடும். வட்டச் சார்பு என்று சொல்லி நிற்கும்.

வழி எளிமையானது. ஹார்ஃப்பஸ்ஸுக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கோடு போட்டு, குறையோடு ஒரு ஃப்ரீடைப்பைக் கட்ட வேண்டும். அந்தக் குறையுள்ள ஃப்ரீடைப்பை வைத்து ஹார்ஃப்பஸ்ஸைக் கட்ட வேண்டும். பிறகு கோட்டை எடுத்துவிட்டு ஃப்ரீடைப்பை மறுபடியும் முழுதாகக் கட்ட வேண்டும்.

இதை அம்மாவிடம் விளக்கினேன். கம்பெனியில் சேர்ந்த புதிதில் பயிற்சிக் கையேடு ஆங்கிலத்தில் இருந்ததாம். கையேடு புரிய ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலம் வர அந்தக் கையேட்டோடும் மேற்பார்வையாளரோடும் தினமும் மல்லுக்கட்ட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். "அரகொறையாதான் ஆரம்பிச்சோம். பக்கத்துல இருந்த மலாய்க்காரப் புள்ள படத்தக் காட்டும், நான் நம்பரச் சொல்லுவேன். ஆறு மாசங் கழிச்சு அதே கையேட்ட எடுத்துப் படிச்சேன். அப்பதான் முதல்ல என்ன விட்டிருக்கோம்னு தெரிஞ்சது."

*

பேசும் வேலைக்கு ஈஸ்பீக் என்ஜி. ஜோனதன் டடிங்டன் எழுதிய ஈஸ்பீக்கின் தொடர்ச்சி. மனிதக் குரலைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டும் முறையில்லை இது. ஒலியைக் கணக்கால் உருவாக்குகிறது, அதனால் மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடும். குரல் இயந்திரக் குரல்தான். முதலில் கேட்டபோது அம்மா சிரித்துவிட்டார். "யாருடா இவன், மூக்கடைப்போட பேசுறான்?" இரண்டு நாளில் பழகிவிட்டது. மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து கல்கியின் நாவல்களை எடுத்துப் போட்டேன். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் நூலகம் அது. இணையத்தில் கிடைக்கும் மலேசியச் செய்திகளையும் எடுத்துத் தினமும் ஒரு கோப்பில் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

செய்தியில்தான் பிரச்சினை வந்தது. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப' வல்லோசை. பால், பழம், பள்ளி. நடுவில் மெல்லெழுத்துக்குப் பின் வந்தால் மென்மையாகும், அம்பு, கம்பம் மாதிரி. ஈஸ்பீக்கின் தமிழ் விதிக்கோப்பு இந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறது. ஆனால் பாயான் லெப்பாஸ் என்று எழுதுகிறோம், படிக்கும்போது முதல் எழுத்தை மென்மையாகச் சொல்கிறோம். பட்டர்வொர்த்தும் அப்படித்தான், புக்கிட் என்று தொடங்கும் அத்தனை ஊர்களும் அப்படித்தான். பாலிக் பூலாவ் இன்னும் மோசம். முதல் 'ப' மெல்லோசை, இரண்டாவது 'ப' வல்லோசை. எழுத்து ஒன்றே, இங்கே வாழ்ந்த வாய்க்குத்தான் வேறுபாடு தெரியும். கணினி எல்லாவற்றையும் தஞ்சாவூர்க்காரர் முதல்முறை பினாங்குக்கு வந்து பெயர்ப்பலகை படிப்பது மாதிரி படித்தது.

"நான் 27 வருஷம் போன எடத்தோட பேர இவன் தப்பாச் சொல்றான்யா" என்றார் அம்மா. கோபமில்லை. ஆனால் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மூலநிரல் வீட்டில் இருப்பதன் பயன் இங்கே. ஈஸ்பீக்கின் தமிழ் உச்சரிப்பு விதிகள் சாதாரண உரைக் கோப்புகள். பொது விதிக்கு அடங்காத சொற்களை ஒலிக்குறிகளோடு தனியாக எழுதவும் இடம் இருக்கிறது. ஊர்ப்பெயர்கள், சாலைப் பெயர்கள், மலாய்ச் சொற்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வாரத்தில் 28 சொற்கள். ஜென்டூவில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. நாம் செய்யும் திருத்தத்தை ஒட்டுக்கோப்பாக்கி, அதற்கென்று உள்ள அடைவில் அந்தப் பொதியின் பெயரில் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை புதிய பதிப்பு வரும்போதும் போர்ட்டேஜ் அதைத் தானே ஒட்டிவிட்டுக் கம்பைல் செய்யும். வேறெங்கோ இருந்து வரும் மூலநிரலில் எங்கள் வீட்டு உச்சரிப்பு ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொள்கிறது.

*

இதற்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2023 டிசம்பர் 29 அன்று ஜென்டூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி முன்கூட்டியே கம்பைல் செய்த பொதிகளும் பரவலாகக் கிடைக்கும். மூலநிரலுக்குப் பேர்போன லினக்ஸே பாக்கெட் போட ஆரம்பித்துவிட்டதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. அதன் விதி இதுதான்: உங்கள் கொடிகள் அவர்கள் கட்டியபோது வைத்த கொடிகளோடு ஒத்துப்போனால், தயாராக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், மூன்று மணி நேரம்.

ஆக, பட்டியலோடு பொருந்துகிறவருக்கு நேரம் மிச்சம். பொருந்தாதவர் நேரத்தைக் கொடுத்துத்தான் தன் தேவையை வாங்க வேண்டும். இதில் தீர்மானித்துச் செய்த அநியாயம் எதுவுமில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு செலவு என்பது தற்செயலும் இல்லை. அம்மாவின் கணினியில் எதெல்லாம் நீண்ட நேரம் ஓடியது என்று பார்த்தேன். அணுகல்வசதிக்காக மாற்றியவை, பேச்சுக்காக மாற்றியவை.

இந்தக் கணக்கு இந்த ஊரில் பழையது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்கிறோம், 2016இல் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினோம். அந்த இருநூறு வருடத்தில் தமிழ் இங்கே யாருக்கும் தானாக வந்து சேரவில்லை. கூடுதல் வேன் கூலி, கூடுதல் தூரம், சனிக்கிழமை வகுப்பு என்று ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அம்மா இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து என்னைத் தமிழ்ப்பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார்.

என் அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் சீனப்பள்ளியில் போட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இந்தக் கொடிகளைப் பற்றிக் கொஞ்சம் உற்சாகமாகவே பேசிவிட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு ராத்திரி மூணு மணி நேரம் ஓடவிட்டுப் பாத்துக்கிட்டிருக்க முடியுது தம்பி. எனக்கு ரெண்டு புள்ள, ரெண்டு வேலை. நான் இருக்கறத எடுத்துக்கிட்டேன். வேணாம்னு சொல்லல, முடியலன்னு சொல்றேன்."

இந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய பேச்சுமில்லை அது. வேண்டாம் என்பதும் முடியவில்லை என்பதும் கோப்பில் ஒரே சிறு கோடாகத்தான் தெரியும். வெளியிலிருந்து படிக்கிறவருக்கு எந்தக் கோடு விருப்பம், எந்தக் கோடு களைப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம் வீடுகளில் தமிழின் முன்னால் விழுந்திருக்கும் கோடுகளைப் பற்றி மேடைகளில் கோபப்படுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாரும் ஜென்டூவுக்கு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாக்கெட் கறித்தூளில் நல்ல கறி வைக்கலாம். என் அலுவலகக் கணினியில் உபுண்டுதான் ஓடுகிறது. ஆனால் வாழ்க்கையில் ஒருமுறையாவது எதையாவது ஒன்றை மூலத்திலிருந்து கட்டிப் பாருங்கள் என்று சொல்வேன். இதில் என்ன இருக்க வேண்டும் என்று யாரோ உங்களுக்காக முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் கையில் தட்டுப்படும். அடுத்த முறை யாராவது தனக்காக ஒரு வசதி கேட்டால், 'இதெல்லாம் எதற்கு' என்று கேட்பதற்குமுன் ஒரு கணம் நிற்பீர்கள்.

கொடிகள் எழுதும் கோப்பில், எண் குறி போட்டுத் தொடங்கும் வரியைப் போர்ட்டேஜ் படிக்காது. அது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பு. நான் ஒவ்வொரு கொடிக்கு மேலேயும் தமிழில் ஒரு காரணம் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எதற்காகச் செய்தோம் என்பது மறந்துவிடும். அச்சு இல்லை: வீட்டில் பிரிண்டர் இல்லை. புளூடூத் இல்லை: காதில் மாட்டுவது அம்மாவுக்குப் பிடிக்காது. பேச்சு என்ற கொடிக்கு மேலே ஒரே சொல்தான், அம்மா.

இப்போது அந்தப் பெரிய எழுத்துகளும் அவருக்குத் தெரிவதில்லை. எழுத்துக்காகச் சேர்த்த சில கொடிகளுக்குப் போன மாதம் கோடு போட வேண்டியிருக்குமோ என்று பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டேன். உச்சரிப்புப் பட்டியல் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நேற்று அம்மா தோட்டத்தில் தன்னோடு படித்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அவை எந்தச் செய்தியிலும் வரப்போவதில்லை. எழுதிக்கொண்டேன், இன்றிரவு கம்பைல் ஆகிறது.